அவிழ்க்கக்கூடிய தையல்

தையல் மெசின் கரைச்சல் தரத் தொடங்கினால் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில்தான். உண்மையில் அது கடைசியாகத் தொடவேண்டிய இடம். துணியின் கீழ்ப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் திரண்டு குருவிக்கூடு கட்டினால், குற்றம் கீழே பொபினில் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். அநேகமாக அப்படியல்ல. மேல்நூல், இறுக்கத் தட்டுகள் இரண்டுக்கும் இடையில் சரியாக அமரவில்லை என்பதே அதன் பொருள். வளையங்கள் மேற்பக்கத்தில் தெரிந்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது கீழ்நூல் தளர்ந்திருக்கிறது. காயம் தெரிவது ஒரு பக்கம், நோய் இருப்பது மறுபக்கம்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது அம்மா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சிங்கர் மெசின் ஒன்றினால் எங்கள் வீட்டில் நான்கு வயிறுகளை நிரப்பியவர். சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சீதனச் சாமான் பட்டியலில் காணிக்கும் நகைக்கும் பிறகு தையல் மெசினுக்கு இடமிருந்தது. அம்மாவினுடையது அம்மம்மாவிடமிருந்து வந்த கால் மெசின். அதன் உடம்பிலிருந்த பொன்னிற எழுத்துகள், அம்மாவின் இடதுகை படும் இடத்தில் மட்டும் அழிந்துபோயிருந்தன.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்கு எட்டு வயது. அண்ணாவுக்குப் பதினான்கு. ஒவ்வொரு வீட்டிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவேயில்லை. அம்மா மெசினின் தலையை மேசையிலிருந்து கழற்றி, இரண்டு சீலைகளாற் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். அண்ணா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி சனம். ஓரிடத்தில் யாரோ ஒருவர், "தம்பி, அந்த இரும்பை ஆத்துக்கை தள்ளிப்போட்டுக் கிழவியை ஏத்து" என்று கத்தினார். அம்மம்மா நடந்துகொண்டிருந்தார். அவரே திரும்பி, "நான் நடப்பன், அது நடக்காது" என்றார். அண்ணா சிரித்தான். அந்த இரவில் நான் கேட்ட ஒரேயொரு சிரிப்பு அதுதான். அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது மெசினின் மேசையும் கால்மிதியும் வீட்டில் இல்லை. தச்சரிடம் சொல்லிப் பலகை மேசை ஒன்று செய்வித்து, கைப்பிடிச் சக்கரம் பூட்டி, அம்மா மறுபடி தைக்கத் தொடங்கினார்.

நான் இப்போது இருப்பது கனடாவில், கிச்சினர் என்ற நகரத்தில். 2010இல் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து றெஸ்ரோறன்ற் குசினிகளிலேயே வேலை. முதல் இரண்டு வருடம் கோப்பை கழுவல், பிறகு மரக்கறி வெட்டல், இப்போது அடுப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பைப் பற்றி இங்கு யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இந்த நகரத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜேர்மன் மொழி பேசுவோர் நிறைந்திருந்ததால் இதன் பெயர் முன்னர் பேர்ளின். முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல், அந்தப் பெயரோடு வாழ முடியாது என்று மாற்றினார்கள். ஊர்கள்கூடப் பயத்தில் பெயர் மாற்றிக்கொள்ளும் என்பதை அகதிகளாகிய நமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தப் பகுதியில் மெனொனைற் சபையைச் சேர்ந்தவர்கள் அதிகம். 1800ஆம் ஆண்டையொட்டிப் பென்சில்வேனியாவிலிருந்து குதிரை வண்டிகளில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு பகுதியினர். 1920களில், ரஷ்யப் புரட்சியின் பின்னர் பஞ்சத்துக்கும் கொலைகளுக்கும் தப்பித் தென் உக்ரேனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னொரு பகுதியினர். அந்தப் பஞ்சகாலத்தில் தங்கள் சனத்துக்கு உணவு அனுப்புவதற்காக 1920இல் இவர்கள் அமைத்த மெனொனைற் மத்திய குழுதான், 1979இல் அகதிகளைப் பொறுப்பெடுப்பதற்கான ஒப்பந்தத்தைக் கனடிய அரசோடு முதன்முதலில் செய்துகொண்ட அமைப்பு. இவர்களுடைய பெண்கள் துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைப்பார்கள். அதற்குப் பெயர் குவில்ற். நியூ ஹம்பேர்க் என்ற பக்கத்து ஊரில் 1967இல் தொடங்கிய நிவாரண விற்பனையில் இந்தக் குவில்ற்றுகளை ஏலத்தில் விற்றுப் பணம் சேர்த்து வந்திருக்கிறார்கள். விலையுயர்ந்தவை ஏலத்துக்கு. சாதாரணமானவை, சுமார் 60 அங்குலம் அகலமும் 80 அங்குலம் நீளமும் கொண்டவை, உலகத்தின் ஏதாவதொரு அகதி முகாமுக்கு.

என்னுடைய லீவு நாள் செவ்வாய்க்கிழமை. அந்த நாளில் எங்கள் தெருவிலுள்ள தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் பத்துப் பன்னிரண்டு மூதாட்டிகள் கூடித் தைப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் உள்ளே போனேன். பால்காரனோ தபால்காரனோ வழிதவறி வந்துவிட்டான் என்பதுபோலப் பார்த்தார்கள். மெசினில் தைக்கத் தெரியும் என்றேன். ஒரு மனுசி எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய தாய் 1924இல் உக்ரேனிலிருந்து சிறுமியாக வந்தவர்.

வீட்டில் தைப்பதற்கு ஒரு பழைய சாமான் கடையில் 25 டொலருக்கு மெசின் ஒன்று வாங்கினேன். முழுக்க இரும்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானில் சிங்கரின் 15ஆம் இலக்க மாதிரியைப் பின்பற்றி ஏராளமாகச் செய்து வட அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று. "பழுது" என்று எழுதித்தான் விற்றார்கள். தைத்துப் பார்த்தால் கீழே குருவிக்கூடு, இடையிடையே தையல் விழாத வெற்றிடங்கள். அன்றிரவு வட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"பாதத்தை உயர்த்திப்போட்டோ நூல் கோத்தனி?"

"ஓமம்மா."

"அப்ப தட்டுக்குள்ளை ஏதோ கிடக்கு. திருகிலை கை வையாதை. முதல் ஊசியை மாத்து. பிறகு ஊத்தையை எடு."

பாதம் உயர்ந்திருக்கும்போதுதான் இறுக்கத் தட்டுகள் திறந்திருக்கும், நூல் நடுவே போய் இருக்கும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் வெளியே மிதக்கும். அது சரியாகத்தான் இருந்தது. தட்டுகளுக்கிடையே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விட்டு இழுத்தபோது, எத்தனையோ வருடத்து நூல் துணுக்கொன்று எண்ணெயில் ஊறி இறுகிக் கறுத்து வெளியே வந்தது. தையல் விழாததற்குக் காரணம் ஊசி. கண்ணாடித் தட்டில் படுக்கவைத்துப் பார்த்தால் மயிரிழை அளவு வளைந்திருந்தது. துணியை நகர்த்தும் பற்களுக்குக் கீழே இருந்த பஞ்சை வாயால் ஊதக்கூடாது, ஈரம் போய்த் துரு பிடிக்கும். தூரிகையால் எடுத்தேன். பொபின் கூட்டை நூலின் நுனியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். தானாக வழுக்கிக் கீழே போகவும் கூடாது, அசையாமல் நிற்கவும் கூடாது. கையை மெல்ல ஒருமுறை உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்கவேண்டும். நின்றது. இரண்டு சொட்டு எண்ணெய். பிறகு மெசின், மழைக்குப் பிந்திய தவளைபோல ஒரே சீராகச் சத்தமிட்டது. திருகில் நான் கை வைக்கவேயில்லை.

இனிப் போர்வைக்கு வருகிறேன். எந்தக் கோலத்தைத் தெரிவது என்பதைக் கையிலிருக்கும் துணிதான் தீர்மானிக்கவேண்டும். பெரிய பூப்போட்ட துணியைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் பூவும் போய்விடும், துணியும் போய்விடும். 'பறக்கும் வாத்துகள்' என்ற கோலம் அழகானது, ஆனால் முழுக்க முக்கோணங்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு இழைக்குக் குறுக்காக வெட்டுப்படுவதால் இழுபடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது உகந்ததல்ல. நிறத்தைவிட முக்கியமானது வெளிச்சமும் இருளும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும், கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒரே சாம்பலாகிவிடலாம். அப்படியானால் கோலம் தெரியாது.

என்னிடம் இருந்தவை குசினித் துணிகள். கறுப்பு வெள்ளைச் சின்னக் கட்டம் போட்ட, முழங்காலில் கிழிந்த களிசான்கள். எண்ணெய்க் கறை போகாத வெள்ளை ஏப்ரன்கள். அக்கா தந்த மூன்று பழைய நூல் சீலைகள். நம்முடைய சீலைகள் சாயம் விடும். ஈரமாக்கி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்காமல் அவற்றை வெள்ளையோடு சேர்க்கக்கூடாது. இவற்றுக்கு ஏற்றதாக நான் தெரிந்தது 'மரக்குடில்' கோலம். நடுவே ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி ஒடுங்கிய கீலங்கள். ஒரு பாதி வெளிறிய துணி, மறுபாதி இருண்ட துணி. நடுச்சதுரத்தை வழமையாகச் சிவப்பில் வைப்பார்கள், அது வீட்டின் அடுப்பு என்பார்கள். அடுப்படியில் நிற்பவனுக்கு வேறென்ன கோலம் பொருந்தும்?

கணக்கு இதுதான். நடுச்சதுரம் 2 அங்குலம், கீலம் 1 அங்குலம், நான்கு சுற்று. ஒரு கட்டம் 10 அங்குலம். ஒரு கட்டத்துக்கு 17 துண்டுகள். ஆறுக்கு எட்டாக 48 கட்டங்கள், மொத்தம் 816 துண்டுகள். தையலுக்கு விடும் விளிம்பு 1/4 அங்குலம். இது 1/16 அங்குலம் கூடினால் என்ன என்று நினைக்கலாம். ஒரு தையலில் இரண்டு துண்டுகளும் சுருங்கும், ஆக 1/8. ஒரு கட்டத்தின் குறுக்கே எட்டுத் தையல். 10 அங்குலக் கட்டம் 9 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுகள் சேர்ந்து ஒரு அங்குலத்தை விழுங்கிவிடுகின்றன. வருடங்களும் அப்படித்தான் போகின்றன.

தைத்துக்கொண்டிருக்கும்போது கதைகள் வரும். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் கனடாவுக்குத் தப்பி வந்த காலத்தில், வேலியில் காயப்போட்ட குவில்ற்றின் கோலத்தைப் பார்த்துப் பாதையை அறிந்தார்கள் என்று ஒரு கதை. 'பறக்கும் வாத்துகள்' என்றால் வடக்கே போ. 1999இல் வெளிவந்த ஒரு புத்தகம் இதை உலகெங்கும் பரப்பியது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை என்கிறார்கள். இருந்தும் சனம் இதை விடுவதாயில்லை. தப்பி வந்தவர்களின் பாதையில் கைகாட்டிகள் இருந்திருக்கவேண்டும் என்று பிந்தியவர்கள் ஆசைப்படுகிறார்கள் போலும். நான் வந்த பாதையில் எந்த வேலியிலும் எதுவும் காயவில்லை.

உண்மையான கதை ஒன்றும் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்ற ஊர், மூன்று பக்கமும் ஆறு. அடிமைகளின் வழித்தோன்றல்களான அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விற்னி நூதனசாலையில் தொங்கவிடப்பட்டன. அவற்றில் ஒன்று மிஸூரி பெற்வே என்ற பெண் 1942இல் தைத்தது. கணவர் இறந்த பின், அவருடைய வயல்வேலை உடுப்புகளைக் கிழித்து, அதற்குள் சுருண்டுகொள்வதற்காகத் தைத்தார் என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறார். அதன் படத்தை அந்த எண்பது வயது மனுசி ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு, "உன்னிடமும் யாருடையதாவது உடுப்பு இருக்குமே? நடுச்சதுரங்களுக்கு எடேன்" என்றார்.

இருந்தது. அண்ணாவின் சேட்.

2007இல் ஒரு பின்னேரம், ஊரடங்குக்கு முன் வந்துவிடுவேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்ட அண்ணா வரவில்லை. சைக்கிள் ஒரு சந்தியில் மதிலோடு சாத்தியபடி நின்றது. பூட்டுப் போட்டிருந்தது. அதைத்தான் அம்மா இன்றைக்கும் சொல்லுவார்: "பூட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறான், வரவெண்டுதானே பூட்டினவன்." அதன்பின் நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. மறு வருடம் என்னைக் கொழும்புக்கு அனுப்பியபோது, போட்டுக்கொண்டுபோக நல்ல சேட் இல்லையென்று அண்ணாவின் நீலக் கட்டச் சேட்டை அம்மா எடுத்துத் தந்தார். அவரே தைத்தது. அதைத்தான் மூன்று நாடுகளில் உடுத்தேன். இங்கு வந்து மடித்து வைத்தேன். நீலம், நடுச்சதுரத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கும். 48 சதுரங்களுக்குப் போதிய துணி முதுகுப் பக்கத்திலேயே இருந்தது.

"அவர் இறந்து எவ்வளவு காலம்?" என்று கேட்டார் அந்த மனுசி.

"இறக்கவில்லை" என்றேன்.

"அப்படியானால் அவருடைய உடுப்பு ஏன் உன்னிடம்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. இறந்தவர்களுக்கு உடுப்புப் போர்வை உண்டு, பிறந்த குழந்தைக்கு உண்டு, கலியாணத்துக்கு உண்டு. அண்ணாவுக்கு உரிய கோலம் அவர்களுடைய புத்தகத்தில் இல்லை. இலங்கையிலும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. காணாமலாக்கப்பட்டவருக்கு இறப்புச் சான்றிதழை எடு, அல்லது ஒன்றுமில்லாமல் இரு. 2016இல் சட்டத்தைத் திருத்தி, 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அம்மா இரண்டையும் எடுக்கவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் குந்தியபோது, அண்ணாவின் படத்தோடு பஸ் ஏறிப் போனார். பிறகும் பலமுறை போனார். அங்கு இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் இருந்தது.

"வெட்டாதை" என்றார் உடனே. பிறகு கனநேரம் பேசவில்லை. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "வெட்டினால் அது சேட் இல்லை, துணி. வந்து கேட்டானெண்டால் என்ன சொல்லுவாய்?"

"வந்தாலும் அந்தச் சேட் இப்ப கொள்ளாதம்மா."

"கொள்ளாதுதான். நாப்பதைத் தாண்டியிட்டான், கழுத்துப் பருத்திருக்கும். கொள்ளாட்டி நான் புதுசு தைச்சுக் குடுப்பன். அது வேறை. வெட்டாதை."

மிஸூரி பெற்வேக்குக் கணவர் இறந்தது தெரியும். அந்தத் தெரிதல் அவருடைய கத்தரிக்கோலுக்கு அனுமதி கொடுத்தது. அம்மாவுக்கு அந்த அனுமதியை யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடியவர்கள் வாய் திறக்கவில்லை. நடுச்சதுரங்களை அக்காவின் சிவப்புச் சீலையில் வெட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இதை அந்த மனுசியிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நூற்கட்டைகள் அடுக்கியிருந்த பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தார். பருத்தித் துணிக்குப் பருத்தி நூல் என்பது இவர்களிடையே பழைய வழக்கம். அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். நூல் துணியைவிடப் பலமானதாக இருக்கக்கூடாது. இழுவிசை வரும்போது ஏதாவதொன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நூல் பலமானால் துணி கிழியும். நூல் மெலிந்ததானால் தையல் அவிழும், துணி தப்பும். அவிழ்ந்த தையலைத் திரும்பப் போடலாம், கிழிந்த துணியை ஒட்டுப் போட்டுத்தான் மூடலாம். நைலோன் நூல் அறாதது என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. நூலின் இலக்கம் கூடக்கூட நூல் மெலியும். 40 தடிப்பு, 50 துண்டுகளைப் பொருத்த, 60 அதனிலும் மெல்லியது. ஊசியில் மறுவளம். 80 என்றால் 0.80 மில்லிமீற்றர் விட்டம், 90 அதைவிடத் தடிப்பு. அவர் எடுத்துத் தந்தது 60ஆம் இலக்க நீலப் பருத்தி நூல். "முழுதாகவே வை. பின்பக்கத்தில். கையால் தை" என்றார்.

போர்வையின் மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி மூன்றையும் மெசினில் சேர்த்துத் தைத்து முடித்தபின், பின்பக்கத்தின் நடுவே அண்ணாவின் சேட்டை விரித்தேன். கைகள் இரண்டையும் மார்பில் மடிக்காமல், பக்கத்தில் நீட்டி வைத்தேன். மடித்தால் அது வேறு ஒன்றுபோலத் தோன்றியது. விளிம்பை மட்டும் ஓட்டுத் தையலாக, அரை அங்குலத்துக்கு ஒன்றாகப் பிடித்தேன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முடிச்சுப் போடவில்லை, மேலால் இரண்டு முறை பின்தையல் மட்டும். தெறிகளும் பையும் திறந்தபடியே இருக்கின்றன. அம்மாவுக்குக் காட்டினேன். அவர் பார்த்தது கோலத்தையல்ல, தையலை.

"அவிழ்க்கலாமோ?"

"நூலிலை ஒரு இழுவை இழுத்தால் காணும்."

"அப்ப சரி."

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நல்ல நூலென்றால் பலமான நூல் என்றே அதற்கு நான் பொருள் கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இறுக்கிப் பிடித்தும் துணியைக் கிழிக்காத ஒரு நூலும் உண்டென்று இப்போது தெரிகிறது.

இந்தப் போர்வையை முகாமுக்கும் அனுப்பவில்லை, ஏலத்துக்கும் கொடுக்கவில்லை. அவர்களுக்காக வேறு நான்கு தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் ஸ்னோ கரைந்து, வெளியே உடுப்புக் காயப்போடக்கூடிய முதல் நாளில், சேட்டை அவிழ்த்துத் தனியே தோய்த்துக் காயவிடுகிறேன். பிறகு ஸ்திரி போட்டு, அம்மாவின் அளவுக் கொப்பியில் உள்ளபடி இருக்கிறதா என்று ரேப்பால் அளந்து பார்க்கிறேன். கழுத்து 15, தோள் 17, கை 23. பருத்தித் துணி சுருங்கும் என்பதால் அம்மா அளக்கச் சொல்லியிருக்கிறார். இந்த வருடமும் சுருங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். கொப்பியில் திகதியை எழுதிக்கொண்டார்.